பிப்ரவரி முப்பது

வகுப்புத் திரையில் அந்தப் படம் விழுந்ததும் அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

‘வாழைப்பூத் தண்ணீர் குடித்தால் சர்க்கரைக்கு ஊசியே வேண்டாம். சொல்பவர் டாக்டர் வரகுணன், ஜெனீவா.’

வரகுணன் என்று ஒரு டாக்டர் எந்த ஊரிலும் கிடையாது. அவனைப் பெற்றவளே அவள்தான்.

அவள் பல்கலைக்கழக நூலகர். பொய்ச் செய்தியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பிள்ளைகளுக்குக் காட்ட, போன வருடம் இந்தப் பொய்யைச் செய்தாள். நன்றாகவே செய்து தொலைத்தாள். பிடிபடட்டும் என்று, ஆய்வு வெளியான தேதியை மட்டும் பிப்ரவரி முப்பது என்று போட்டாள். அடியில் ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று ஒரு வரி.

போன வருடத்துப் பிள்ளைகளில் எவனோ போனில் படம் பிடித்திருக்கிறான். அது ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கிறது.

இப்போது அடிவரி இல்லை. வெட்டிவிட்டார்கள்.

தேதி, பிப்ரவரி இருபத்தெட்டு.

பொய்யைத் திருத்தி அனுப்பவும் ஆள் இருக்கிறது.

வீட்டு வாட்ஸப்பில் வந்த ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்று கேட்டதும் அவள்தான். கொண்டுவந்தவள் ஜெபசீலி, முதல் பெஞ்ச்.

“டாக்டருக்கு வாழைத்தோப்பு இருக்கும் போலடே,” என்றான் ஒருவன்.

வகுப்பு சிரித்தது. ஜெபசீலி சிரிக்கவில்லை.

“எங்கப்பா திங்கக்கிழமைல இருந்து ஊசி போடல மேடம். காலைல வாந்தி எடுத்தாங்களாம்.”

சிரிப்பு நின்றது.

வகுப்பைப் பார்வையிட வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த துறைத்தலைவர் தலையைத் தூக்கினார். நூலகத்துக்காரிக்கு வகுப்பு எதற்கு, தண்டம் என்று வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் சொல்கிற மனிதர்.

“வீட்டுக்குப் போன் போடும்மா. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு. இது பொய்,” என்றாள் நூலகர்.

அவசரத்தில் ஜெபசீலி ஸ்பீக்கரை அமுக்கிவிட்டாள்.

எடுத்தது அப்பாதான். குரலில் தெம்பில்லை. முறுக்கு மட்டும் குறையவில்லை.

“பொய்யா? யாரு சொன்னா?”

“எங்க லைப்ரரி மேடம்ப்பா.”

“பெரிய டாக்டரே எழுதியிருக்காரு. புஸ்தகம் அடுக்குறவங்களுக்கு எப்படித் தெரியும்?”

வகுப்பு கரும்பலகையைப் பார்த்தது.

கரும்பலகையில், வகுப்பு தொடங்கும்போது அவளே எழுதிப்போட்ட இரண்டு கேள்விகள் இருந்தன.

யார் சொன்னது?

அவருக்கு எப்படித் தெரியும்?

ஜெபசீலி போனை நீட்டினாள். துறைத்தலைவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தார்.

போனை வாங்கியதும் ஸ்பீக்கரை அணைக்க நூலகரின் விரல் போனது.

அணைக்கவில்லை.

“அண்ணாச்சி,” என்றாள். “டாக்டர் வரகுணனை எனக்கு நல்லாத் தெரியும்.”