கையெழுத்திடாத பக்கம்

எந்தக் கடிதம் முதலில் வந்தது என்பது எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. இரண்டு சட்டக் கல்லூரிகளிலும் மகளுக்கு இடம் கிடைத்திருந்தது.

"இங்க உள்ளூர்லன்னா பாதிக் கட்டணம் நாம கட்டணும். அங்க முழுசும் உதவித்தொகை, விடுதியும் இலவசம், படிச்சு முடிச்சா அந்த ஊர்லயே வேலை. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார், லிஃப்ட் பழுதுபார்க்கும் என் கணவர்.

"ரொம்ப தூரம்ப்பா" என்றாள் மகள்.

"சுற்றுலா போனா வீட்டுக்கு ஒரு போன்கூடப் பண்ணாத ஆளு, இப்ப தூரம்ங்கிறியா? பொய் சொல்றப்ப மூக்கைச் சொறியாதீங்க வக்கீலம்மா, கேஸ் நிக்காது."

அவள் சிரிக்கவில்லை. உதவித்தொகைப் படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள். கடைசிப் பக்கத்தில் மட்டும் அவள் கையெழுத்துப் போடவில்லை. அங்கே இருந்ததை அவர் மெல்லப் படித்தார்.

"எனக்குத் தந்தை இல்லை என உறுதி கூறுகிறேன்."

பிறகு சொன்னார்: "உண்மைதானேம்மா? உன்னைப் பெத்தவர் இறந்தப்ப உனக்கு ரெண்டு வயசு. சான்றிதழ் அம்மா பீரோவுல இருக்கு. நான் அப்புறம் வந்தவன்தானே."

"அப்ப இத்தனை வருஷமா அப்பான்னு நான் கூப்பிட்டது யாரை?"

அவர் படிவத்தை மடித்து என்னிடம் நீட்டினார்.

"இன்னும் ரெண்டு கட்டடத்து லிஃப்ட்டையும் சேர்த்துப் பார்த்துக்கிறேன்" என்றார்.

ஐந்து ஆண்டுகள் அவர் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போனார். மகள் உள்ளூர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கிறாள். அவருக்கு முழங்கால் போய்விட்டது. அந்தப் படிவம், இறப்புச் சான்றிதழோடு என் பீரோவில் இருக்கிறது.