நடுக்கம் நிற்கட்டும்

குழந்தை வீலென்று அழுத மறு நிமிடமே, பெற்றவளுக்கு நடுக்கம் பிடித்துக்கொண்டது.

பற்கள் தந்தியடித்தன. தோளும் நெஞ்சும் தூக்கித் தூக்கிப் போட்டன. இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போய் அசையாமல் கிடந்தது.

மயக்க மருந்து டாக்டரம்மாவுக்கு இது பழகிப்போன சங்கதி. முதுகில் ஊசி போட்டு வயிற்றைத் திறந்தால் பாதிப் பேருக்கு இப்படித்தான்.

"குழந்தையை ஒரு தடவை கையில குடுங்களேன் டாக்டர்," என்றாள் அவள், வார்த்தைக்கு வார்த்தை திக்கி.

"இந்தக் கையிலயா? கீழ போட்டுடுவே தாயே! நடுக்கம் நிக்கட்டும், அப்புறம் ஆசை தீர வெச்சுக்கோ."

கம்பளியைப் போர்த்தி, சலைனைச் சூடாக்கி ஏற்றினால் கால் மணி நேரத்தில் தானே அடங்கும். ஆனால் டாக்டரம்மா காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நின்றாள். வேறொரு ஆஸ்பத்திரியில் அடுத்த வயிறு காத்திருந்தது. நடுக்கத்தை நிறுத்தும் ஊசி மருந்தில் பாதியே போதும். முழுசாக ஏற்றினாள்.

மூன்றே நிமிடம். நடுக்கம் போன இடம் தெரியவில்லை. கூடவே தூக்கம் வந்து அவளை அமுக்கிவிட்டது. தன் கைராசியை நினைத்து டாக்டரம்மாவுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

தையல் முடிந்து பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். கிளம்புமுன் ஃபைலில் கையெழுத்துப் போட வந்த டாக்டரம்மா, கட்டில் பக்கத்தில் தொட்டிலைத் தேடினாள்.

"குழந்தையை அவங்க அப்பவே கார்ல கொண்டுபோயிட்டாங்களே டாக்டர்," என்றாள் நர்ஸ். "இந்தப் பொண்ணு வாடகைத் தாய்தானே. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

எங்கே தெரியும்? எந்த ஃபைலிலும் அவள் பார்ப்பது முதுகெலும்பு, ரத்தம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம். அதற்கு மேல் ஒரு வரி படித்ததில்லை, இருபது வருஷமாய்.

கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். ஒப்பந்தத்தின் அடியில் கோணல்மாணலாகக் கையால் எழுதிய ஒரு வரி. இரண்டு தரப்பாரும் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

'பிறந்ததும் ஒரு தடவை குழந்தையை என் கையில் தர வேண்டும். பிறகு எதுவும் கேட்க மாட்டேன்.'

அடிப்பாவி, என்று தன்னையே வைதுகொண்டாள். நர்ஸ் பிடித்துக்கொண்டு மார்பில் சாய்த்திருந்தால் போதுமே! அதற்கு ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? அடுத்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை.

கட்டிலில் இருந்தவள் கண் விழித்தாள். டாக்டரம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கம்பளிக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் எடுத்து, விரித்து, நீட்டிக் காட்டினாள்.

"பாருங்க டாக்டர், நின்னுடுச்சு."