நாலு இருபதுக்கு ஒரு சொட்டு

மணி நாலு. தேன்காரி ஏழாவது பாட்டிலிலும் சீட்டைத் தலைகீழாக ஒட்டியிருந்தாள்.

கணவன் பாட்டிலை வாங்கி, சீட்டை உரித்து, நேராக ஒட்டினான். பஸ் ஓட்டுகிறவன். இன்றைக்காகவே லீவு போட்டிருந்தான்.

சீட்டில் அவள் பெயரைவிடப் பெரிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: ஒரு வயது நிறையாத குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

இன்று நாலு இருபதோடு ஒரு வருஷம் முடிகிறது. சுண்டெலிக்கு அவள் தன் தேனைக் கொடுக்கப்போகிறாள்.

சுண்டெலி அவள் மகள். அடுக்கி வைத்த காலித் தேன்பெட்டிகளுக்கு நடுவே, ஒரு பாட்டில் மூடியைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள்.

எந்தத் தேன் என்பதை முடிவு செய்யவே தேன்காரிக்கு ஒரு வாரம் ஆனது. முப்பத்திரண்டு பெட்டிகளின் தேனையும் சொட்டுச் சொட்டாக நாக்கில் வைத்துப் பார்த்தாள். கடைசியில் சூரியகாந்தி வயலோரம் வைத்த பெட்டி ஜெயித்தது. அதிலும் தேனீக்கள் மெழுகால் முழுக்க மூடிய அடையிலிருந்து மட்டும் வடித்த தேன். கிண்ணத்தில் அது வெயிலைப் பிடித்துவைத்த மாதிரி இருந்தது.

இந்த ஒரு வருஷமாகத் தேன் வடித்த கையோடு அவள் மகளைத் தூக்கியதே இல்லை. முழங்கைவரை சோப்பு, வேறு உடை, பிறகுதான் குழந்தை. முத்தம்கூட வாயைக் கொப்பளித்த பிறகுதான். வீட்டுக்குள் நுழையும் போதெல்லாம் கணவன், ஆபரேஷன் தியேட்டர் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவான்.

தொண்டை கட்டியவர்களும் இருமுகிறவர்களும் அவளைத் தேடித்தான் வருவார்கள். கொதிக்கிற தண்ணீரில் கொட்டாதீர்கள், கொஞ்சம் ஆறட்டும் என்பாள். சர்க்கரை நோய்க்காரர்களிடம், தேனும் சர்க்கரைதான், டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று வந்த வியாபாரத்தையே திருப்பி அனுப்புவாள். தேன் தொண்டையைச் சமாதானப்படுத்தும், அதற்குமேல் அதன் தலையில் பாரம் ஏற்றாதீர்கள் என்பாள்.

கைக்குழந்தைக்கென்று கேட்டு வந்தால் மட்டும் குரல் மாறும். தேனுக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமியின் விதை தூங்கிக்கொண்டிருக்கலாம். நம் வயிற்றில் அது தூங்கியபடியே போய்விடும். பச்சைக் குழந்தையின் வயிற்றில் விழித்துக்கொள்ளும். காய்ச்சினாலும் சாகாது.

ஊருக்கே புரிந்தது, நாத்தனாருக்கு மட்டும் புரியவில்லை.

மூன்று பிள்ளைகளை வளர்த்தவள் அவள். மழைக்காலத்தில் சுண்டெலி ஒரு வாரம் விடாமல் இருமியபோது, ஊர் இருமலுக்கெல்லாம் இவள் தேன், வீட்டு இருமலுக்கு மட்டும் வெந்நீர் என்று வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள். தேன்காரி பல்லைக் கடித்துக்கொண்டு வெந்நீரைத்தான் ஆற்றினாள்.

இன்று நாத்தனார் மூன்று மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

நாலு பத்துக்குப் பொறுமை போனது. எழுந்தாள். கிண்ணத்தில் விரலை விட்டாள். ஓடிவந்த சுண்டெலியின் வாயை நோக்கி விரல் போனது.

தேன்காரி அந்த மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். விரலிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

"விடும்மா. பத்து நிமிஷத்துல அப்படி என்ன ஆயிடப் போகுது?"

"பத்து நிமிஷத்துல ஒரு வருஷம் ஆயிடும், அண்ணி."

கணவன் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நாத்தனார் விரலைத் தானே சப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். நல்லாத்தான் இருக்கு என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

மூன்று பெரியவர்கள் ஒரு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேன்காரியின் நெஞ்சு அடித்துக்கொண்டது. தேனீக்கூட்டம் பெட்டியை விட்டுப் பிரிந்து பறக்கும் நாளில்கூட இப்படி அடித்துக்கொண்டதில்லை.

பதினேழு. பதினெட்டு. கணவன் சுண்டெலியைத் தூக்கி மேசைமேல் உட்கார வைத்தான்.

நாலு இருபது.

ஸ்பூன் நுனியில் ஒரு சொட்டு. சுண்டெலி நாக்கை நீட்டித் தொட்டாள்.

முகம் சுருங்கியது. ஒரு கண் மூடியது.

பிறகு அவள் ஸ்பூனை இரண்டு கையாலும் பிடுங்கி வாய்க்குள் போட்டுக்கொண்டாள்.

கணவன் கைதட்டினான். தேன்காரி நின்ற இடத்திலேயே குதித்தாள். குதித்த அதிர்வில் காலிப் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. சுண்டெலி இன்னும் வேண்டும் என்று வாயை ஆவென்று திறந்து காட்டினாள்.

நாத்தனார் குனிந்து அந்த வாயை எட்டிப் பார்த்தாள். பல்லை எண்ணினாள்.

"பன்னெண்டு. மழைக்காலத்துலயே டாக்டரம்மா பல்லைப் பாத்துச் சொன்னாங்களே, இவ ஒரு வயசு எப்பவோ தாண்டிட்டான்னு. அப்பவே குடுத்திருக்கலாம் நீ."

இந்த முறை அவள் குரலில் கேலி இல்லை.

தேன்காரி மகளின் முகவாயில் வழிந்த தேனை விரலால் துடைத்தாள். முதல் முறையாகக் கையைக் கழுவாமலே அவளைத் தூக்கிக்கொண்டாள்.

போன வருஷம் இதே நாள், ஓர் அலுவலகத்தில், ஒரு பெண் மேசையைச் சுற்றிவந்து சுண்டெலியை அவள் கைகளில் வைத்தபோது மணி நாலு இருபது. கையெழுத்துப் போட்ட தத்தெடுப்புத் தாளில், பிறந்த தேதிக்கான கட்டத்தில், தெரியவில்லை என்று எழுதியிருந்தது.

அதனால் அவள் அந்த நிமிஷத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தாள்.