ஊசிக்கு வந்த தாய்மாமன்

“சுகிர்தாவுக்கு அந்த ஊசி வேணாம்னு ஒத்தக் கால்ல நிக்குது உன் தங்கச்சி. நீயாவது வந்து சொல்லுண்ணா!”

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நர்ஸ் ஷாரோன் இப்படிச் சொன்னதும் புருஷோத்தமனுக்குச் சுர்ரென்று ஏறியது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கிற ஊசி. அந்தப் பாழாய்ப்போன நோய்க்குத்தானே போன வருஷம் பெண்டாட்டி செங்கேணியைப் பறிகொடுத்தான்!

தங்கச்சி திலகா வீட்டு வாசப்படி மிதிப்பதில்லை என்று வீம்பாக இருந்தவன் அவன். அவள் மகள் சுகிர்தா வயசுக்கு வந்தபோது செங்கேணி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தாய்மாமன் சீர் கொண்டுபோக முடியவில்லை. “தட்டு தூக்க வக்கில்லாத மாமன்” என்று தங்கச்சி புருஷன் பாண்டுரங்கன் நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டான். அதோடு சரி. செங்கேணி சாவுக்கு வந்து விழுந்து புரண்டு அழுத திலகாவிடம்கூட அவன் பேசவில்லை. ஆனாலும் அவள் ஊரான காவாந்தண்டலத்துக்குத் திரும்புகிற ரோடு வந்தால் வண்டி தானாக மெதுவாகும்.

இன்று திரும்பியே விட்டது.

“இன்னா திலகா, புத்தி கெட்டுப் பூடுச்சா? ஏன் ஊசி வேணாம்ன?” வாசலிலேயே கத்தினான்.

“உள்ள வாண்ணா.”

“மொதல்ல பதில் சொல்லு!”

“ஊர்ல பேசிக்கினு கீறாங்க. பின்னாடி புள்ள பொறக்காதாம். வயசுப் பொண்ணுக்கு அந்த எடத்து நோய்க்கு ஊசின்னா, நாளைக்குக் கட்டிக்கினு போறவங்க தப்பா நெனைக்க மாட்டாங்களா?”

“எவ சொன்னது? ஆஸ்பத்திரில கெடந்தப்பவே டாக்டரம்மாவக் கேட்டுட்டேன், அதெல்லாம் பொரளி! உன் அண்ணியும் இப்டித்தான் வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கினே கெடந்தா. கடசில என் கண்ணு முன்னாடியே துடிச்சா. எனக்குன்னு இனிமே யாரு கீறாங்க, திலகா? இந்தப் பொண்ணையும் வாரிக் குடுக்கச் சொல்றியா?”

கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து பொத்தென்று உட்கார்ந்தான். சுகிர்தா தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்தாள்.

“அழுவாத மாமா. எனக்குப் போன வாரமே ஊசி போட்டாச்சு.”

“போட்டாச்சா? அப்ப நர்ஸம்மா சொன்னது?”

திலகா அழுதுகொண்டே சொன்னாள்.

“நான்தாண்ணா அப்டிச் சொல்லச் சொன்னேன். எத்தினி வாட்டி போன் பண்ணேன், எடுத்தியா? பாசத்துக்கு வரலன்னாலும், திட்டறதுக்காவது வருவேன்னுதான்!”