குளியலறைக்குக் கறுப்பு

குளியலறைக்குக் கறுப்பு அடிக்கச் சொன்ன ஒரு மனுஷரை ஞானசௌந்தரி தன் நாற்பத்தைந்து வயதில் அன்றைக்குத்தான் பார்த்தாள். அதுவும் கிறிஸ்துமஸுக்கு எட்டு நாள் இருக்கையில்.

பாளையங்கோட்டையில் வேதக்காரர் வீடெல்லாம் பண்டிகைக்கு வெள்ளையடித்து நின்றது. தங்கச்சி புருஷன் இஸ்ரவேல் வீட்டிலும் முன்கட்டு, பின்கட்டு, அடுக்களை எல்லாம் முடிந்தாயிற்று. குளியலறை ஒன்றுதான் பாக்கி. அது ஏற்கெனவே அடுப்படி மாதிரிக் கறுத்துக் கிடந்தது. வெள்ளையடிக்கிற கருத்தையா அந்தச் சுவரில் நாலு கோடு இழுத்துக் காட்டினார். நீலம், மஞ்சள், காவி, சுத்த வெள்ளை.

கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தாவான இஸ்ரவேல், துரையின் முகாமுக்காக அம்பாசமுத்திரம் புறப்பட்டுக்கொண்டிருந்தார். கோடுகளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

“கரியை அரைச்சுக் கலந்து அடியும். போன தடவை அடிச்ச மாதிரியே. சன்னல்ல அடிச்ச பலகை அப்படியே இருக்கட்டும்.”

“எழவு வீட்டுக்குக்கூட யாரும் கறுப்படிக்க மாட்டாங்க” என்றாள் ஞானசௌந்தரி. “செத்தது என் தங்கச்சி. எனக்கில்லாத துக்கமா உங்களுக்கு?”

“இருக்கட்டும் மயினி.”

அவ்வளவுதான். குடையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். வருவதற்கு மூன்று நாளாகும்.

ஞானசௌந்தரி வள்ளியூர் உபதேசியாரின் மனைவி. வெள்ளைக்கார அம்மாமாரின் போர்டிங்கில் படித்தவள். வைசூரி வந்துபோன வீட்டில் சுண்ணாம்பு அடிக்காமல் விடுவது அவள் கணக்கில் பாவத்துக்கு அடுத்தபடி.

ஆடி மாதம் வந்த வைசூரி ஒன்பதே நாளில் தங்கச்சியைக் கொண்டுபோய்விட்டது. பத்து வயது சாரம்மாளை விட்டுவைத்தது. ஆனால் சும்மா விடவில்லை. முகமெல்லாம் குழி குழியாகக் குத்திவிட்டு, இடது கண்ணை வெள்ளையாக்கிவிட்டுப் போயிருந்தது. பண்டிகைக்கென்று வந்த முதல் நாள் ஞானசௌந்தரி அந்த முகத்தைப் பார்க்காமலே சோறு போட்டாள். நாலாம் நாள் பழகிவிட்டது.

பிள்ளை என்னவோ சிரித்துக்கொண்டுதான் திரிந்தாள். முழங்கைத் தழும்பைக் காட்டி, “இதெல்லாம் ஈஸ்டருக்குள்ள மறைஞ்சிரும்னு அப்பா சொன்னாங்க பெரியம்மா. மூஞ்சில இதைவிடக் கம்மிதானாம்” என்றாள்.

“ம்” என்றாள் ஞானசௌந்தரி. அவளுக்குத் தலைக்கு மேல் வேலை கிடந்தது.

வீட்டைச் சுற்றிவரச் சுற்றிவர அவளுக்கு எரிச்சல்தான் ஏறியது. தங்கச்சி சீராகக் கொண்டுவந்த செம்பு, பித்தளை எல்லாம் பரணில். புழங்குவதற்கு மண்பானையும் மரக்கரண்டியும். தேக்குச் சட்டம் போட்ட கண்ணாடி இருந்த இடத்தில் வெறும் ஆணி. போதாததற்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை.

“எனக்குத் தெரியாதா?” என்று கருத்தையாவிடமே கொட்டினாள். “அடுத்து வரப்போறவளுக்குச் சாமானெல்லாம் பத்திரமா ஏத்தி வச்சாச்சு. இந்தப் பிள்ளை தானா வெறுத்துப்போய் வெளியேறட்டும்னு வீட்டையும் இருட்டாக்கியாச்சு.”

“ஐயா அப்படிப்பட்ட ஆளு இல்லம்மா. பிள்ளை மேல உசிரையே வச்சிருக்காக.”

“உசிரு வச்சிருக்கவன் கரியா பூசுவான்? வெள்ளை அடியும். ரெண்டு பூச்சு. கொஞ்சம் நீலம் போட்டுப் பளிச்சுன்னு இருக்கணும். அந்தப் பலகையையும் கழத்தும்.”

கருத்தையா சுண்ணாம்பு அடிக்கிற மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். ஐயா வந்து கேட்டால் என்ன சொல்லுவது என்றார்.

“நான் பேசிக்கிடுதேன். பண்டிகை முடிஞ்சதும் பிள்ளையை என்கூடக் கூட்டிட்டுப் போய் போர்டிங்ல சேக்கப்போறேன். அதையும் சேத்தே பேசுதேன்.”

இரண்டு பூச்சு ஏறியது. பரணிலிருந்து சொம்போடு செம்பு அண்டாவை இறக்கி, புளி போட்டுத் தேய்த்தாள். தங்கச்சி இருந்தபோது மின்னிய மாதிரியே மின்னியது. மூன்றாம் நாள் காலையில் அண்டா நிறையத் தண்ணீர் ஊற்றியபோது, திறந்த சன்னல் வழியே வெயில் சுவரெல்லாம் பட்டுத் தெறித்தது. வீட்டுக்கு இப்போதுதான் உயிர் வந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

“போ சாரா, தலையை நனைச்சிட்டுக் கூப்பிடு. சீயக்காய் தேச்சு விடுதேன்.”

பிள்ளை பாடிக்கொண்டே உள்ளே போனாள். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் படித்த பாட்டு. இரண்டு அடியோடு பாட்டு நின்றுவிட்டது.

தண்ணீர் மொள்ளும் சத்தம் வரவில்லை.

ஞானசௌந்தரி சீயக்காயைக் கரைத்து வைத்துவிட்டு ஒரு தடவை கூப்பிட்டாள். இன்னொரு தடவை கூப்பிட்டாள். பொறுமை என்பது அவளுக்கு எப்போதுமே கிடையாது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

சாரம்மாள் அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தலை நனையவில்லை. ஒரு விரல் மட்டும் இடது கண்ணுக்குக் கீழே மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.

“என்னட்டி, மலைச்சுப்போய் நிக்கே?” என்று சொம்பை எடுத்துக் குனிந்தாள் ஞானசௌந்தரி.

வெள்ளைச் சுவரின் வெளிச்சத்தில் தண்ணீர் ஆடாமல் கிடந்தது. அதற்குள் அவள் முகம், காதோர நரை ஒன்றுவிடாமல் தெரிந்தது. பக்கத்திலேயே இன்னொரு முகமும்.

பரணில் ஏறிய செம்பு. வெறும் ஆணி. பலகை அடித்த சன்னல். கரி. சொம்பு அவள் கையிலேயே நின்றுவிட்டது.

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

சாரம்மாள் தண்ணீரைக் கையால் கலக்கிவிட்டாள். பெரியம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, காதோடு காதாகச் சொன்னாள்:

“கறுப்பே அடிக்கச் சொல்லிருங்க பெரியம்மா. நான் பாத்துட்டேன்னு மட்டும் அப்பாட்ட சொல்லிராதீங்க.”