சுற்றிக்கொண்டே இருந்த ஹார்ட் டிஸ்க்

வீட்டுக்காரம்மா தன் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஒரு புது ஹார்ட் டிஸ்க்கை மாட்டி மூடினாள். கரண்ட் வந்ததும் அது விர்ரென்று சுற்றத் தொடங்கியது. கூடவே வாயும் திறந்துவிட்டது.

"என்ன பெரிசு, இன்னும் இடத்தை அடைச்சுக்கிட்டு? உங்களை மாதிரி எட்டுப் பேரை நான் வயித்துல போட்டுக்குவேன்" என்றது பக்கத்திலிருந்த பழைய டிஸ்க்கிடம்.

பழையதற்குச் சண்டை போடத் தெம்பில்லை. டொக் டொக் என்று இழுத்துக்கொண்டிருந்தது.

"நல்லதுப்பா. நான் நிக்கிறதுக்குள்ள இந்த வீட்டு போட்டோவையெல்லாம் வாங்கி வச்சுக்கோ."

"அனுப்புங்க, அனுப்புங்க. என் வேகத்தைப் பாருங்க!"

ஒரு போட்டோகூடப் போய்ச் சேரவில்லை. வெளியே வீட்டுக்காரம்மா, "ஸ்க்ரீன்ல புது டிஸ்க்கையே காட்டலையே" என்று புலம்பினாள்.

பெட்டிக்குள் மூலையிலிருந்த ஃபேனுக்குப் பொறுக்கவில்லை.

"டேய், உனக்குக் கரண்ட் வயரை மட்டும்தான் மாட்டியிருக்காங்க. போட்டோ வர வேண்டிய வயர் அந்தா, கீழே தொங்குது. நீ உள்ளே இருக்கிறதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நீ சுத்துற சத்தத்தைக் கேட்டு, மாட்டினது சரிதான்னு அந்தம்மா நினைச்சுக்கிட்டிருக்காங்க. கொஞ்சம் சத்தத்தை நிறுத்து, பெட்டியைத் திறந்து பார்க்கட்டும்."

"நான் ஏன் நிறுத்தணும்? வந்ததிலேர்ந்து ஒரு நிமிஷம் நின்னேனா? நிக்காம சுத்துறேன்ல? இந்தப் பெட்டியில என்னை மாதிரி உழைக்கிறவன் யாரு?"

டொக் டொக் சத்தம் நின்றுபோனது. பழையதன் போட்டோக்களும் அதோடு போயின.

ஃபேன் புதியதைப் பார்த்துச் சொன்னது:

"நானும்தான்டா சுத்துறேன். நான் சுத்தினா காத்தாவது வருது."