றாபியா டீச்சர் வீட்டு வெறுங்கொடி

"ஏய் டீச்சர்! ஒன் வீட்டுக் கொடியில காக்காதான் காயுதா?"

வேலிக்கு அந்தப் பக்கம் உம்மு குல்தூம் மாமி. உக்குவளையில மகள் வீட்டுல ரெண்டு கிழமை, முழுசாப் பதினாலு நாள் இருந்துட்டு அன்னைக்குக் காலையிலதான் மாத்தளை பஸ்ஸ விட்டு எறங்கினாங்க. கையில இருந்த பையக்கூட இன்னும் உள்ள வைக்கல. அதுக்குள்ள கண்ணு பக்கத்து வீட்டுக் கொடிக்குப் போயிடுச்சு!

றாபியா புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு வாசலுக்கு வந்தா.

"வாங்க மாமி. சுகமா?"

"என் சுகத்த விடு. மூணு மாசப் புள்ள இருக்கிற வீடு. கொடியில புள்ளைக்குக் கட்டுற நெப்பி ஒண்ணு இல்ல, ஒரு துண்டு இல்ல. அது எப்படி?"

றாபியா புள்ளைய மத்தத் தோளுக்கு மாத்தினா. மாமி கண்ணு இப்ப புள்ளைட இடுப்புக்கு வந்துடுச்சு.

"இது என்னது? அரை றாத்தல் பாண் ரொட்டியக் கட்டி வச்ச மாதிரி?"

"கடதாசி நெப்பி மாமி. கப்பல்ல வேலை செய்யிற என் கூடப்பொறந்த நானா லண்டன்ல இருந்து ஒரு பெட்டி கொண்டு வந்தாரு. ஒருக்காக் கட்டிட்டு எறிஞ்சிடலாம்."

"எறிஞ்சிடலாமா!" மாமி நெஞ்சுல கைய வச்சுட்டாங்க. "ஊரே கூப்பனுக்குத் துணி வாங்கக் கியூவுல நிக்கிது. நீ மூத்திரத்துக்கு ஒண்ணு எறியிறியா? தோட்டத்துத் துரைமார் வீட்டுலயும் இல்லாத கூத்து!"

"மழை மாமி. ரெண்டு கிழமையா ஒண்ணும் காயல்ல..."

"ஒனக்கு வேற மழை, எங்களுக்கு வேற மழையா? எங்கட கொடியப் பாரு!"

பார்த்தா, ஆமா! தென்னமரத்துல இருந்து கிணத்தடி வரைக்கும் நெப்பிதான்! அன்னைக்குத்தான் வெயில் கொஞ்சம் முகம் காட்டியிருந்துச்சு.

"எங்கட மருமகளுக்கு ரெட்டைப் புள்ள. ரெண்டு! அவ துவைக்கல்லையா? காயப்போடல்லையா?"

மருமகள் மசூதா, இடுப்புல ஒண்ணு தோள்ல ஒண்ணா கதவடியில நின்னா. முகமெல்லாம் செவந்து போச்சு.

"மாமி, போதும். உள்ள வாங்க, தேத்தண்ணி ஆறுது."

"பாரு, புகழ்ந்தா வெக்கம்!" மாமிக்கு இன்னும் குஷி. "எங்கட மகன் மக்கீன் புடவைக்கடையில நிக்கிறவன். எங்க வீட்டுல துணிக்குப் பஞ்சமா? யார்ட்டயும் ஒரு முழம் கேட்டு நின்னதில்ல, தெரியுமா?"

"தெரியும் மாமி."

"ஆமா, நான் குடுத்த சாரம் எங்க? பச்சைக் கட்டம் போட்டது. ஒன் புள்ளைக்குப் பேர் வச்ச அன்னைக்கு, கண்ண மூடி மௌத்தான எங்கட மனுசன் இடுப்புல கட்டின சாரத்தப் பொட்டியில இருந்து எடுத்து, நானே நாலாக் கிழிச்சு, ஓரம் தச்சுத் தந்தேன். அதையும் எறிஞ்சாச்சா?"

மசூதா என்னமோ சொல்ல வாயெடுத்தா. றாபியா முந்திக்கிட்டா.

"பத்திரமா இருக்கு மாமி. இப்பக் கைக்கு எட்டாது."

"அலுமாரிக்கு மேல ஏத்திட்டியாக்கும்! சரி, கேட்டுக்க. திங்கக்கிழமையில இருந்து ஒன் புள்ளையப் பார்த்துக்கிறேன்னு சொன்னேன்ல? இனி அது நடக்காது."

றாபியா புள்ளைய இறுக்கிப் பிடிச்சா. ஞாயித்துக்கிழமையோட அவ லீவு முடியுது. பல்லேபொல ஸ்கூலுக்கு ஆறரை பஸ்ஸப் பிடிக்கணும். புருசன் மஹ்ரூப் தம்புள்ளைக் கடையில. வெள்ளிக்கிழமைதான் வருவாரு. மாமிய விட்டா புள்ளையப் பார்க்க ஆளே இல்ல.

"மாமி, அப்படிச் சொல்லாதீங்க. இனி லீவு தர மாட்டாங்க. வேலையே போயிடும்."

"போகட்டும். துவைக்கச் சோம்பல்படுற உம்மாட புள்ளைய நான் ஏன் தூக்கணும்? கொடியப் பார்த்தாலே உம்மாவத் தெரிஞ்சிடும்!"

"றாபியா ராத்தா..." மசூதா ரெண்டு புள்ளையோடயும் வேலிப் பக்கம் ஒரு அடி வந்தா. "நான் சொல்லிடுறேன்..."

"நீ பேசாம இரு மசூதா!" றாபியா அதட்டினா.

"பாரு, எங்கட மருமகள அதட்டுறா!"ன்னு மாமி வேலிய நெருங்கினாங்க. அந்த நேரம் பார்த்து மலைப் பக்கம் இருந்து ஹோன்னு ஒரு சத்தம்.

மழை!

"அல்லாஹ்! துணி!"

மசூதாட ரெண்டு கையிலயும் புள்ள. மாமியே ஓடினாங்க. நெப்பிய உருவி உருவித் தோள்ல போட்டாங்க. அஞ்சு, பத்து, பன்னெண்டு...

பன்னெண்டுக்கு மேலயும் வந்துக்கிட்டே இருந்துச்சு.

மாமிட கை மெதுவாச்சு. பிறக்கப்போறது ஒரு புள்ளதான்னு நம்பி அவங்க தச்சு வச்சது பன்னெண்டே பன்னெண்டு!

கொடிட கடைசிக்குப் போனாங்க. அங்க நாலு துண்டு. பச்சைக் கட்டம்.

மழை கொட்டுது. மாமி நனைஞ்சுக்கிட்டே திரும்பினாங்க. மசூதாவப் பார்த்தாங்க. அவ தரையப் பார்த்தா. வேலிக்கு அந்தப் பக்கம் றாபியாவப் பார்த்தாங்க. அவளும் தரையத்தான் பார்த்தா.

உம்மு குல்தூம் மாமிக்குப் பேச்சு வராம நின்னத அந்தத் தெரு அன்னைக்குத்தான் பார்த்துச்சு.

எல்லாம் ஒரு நிமிசந்தான். பச்சைத் துண்டு நாலையும் முந்தானைக்குள்ள பொத்திக்கிட்டு, வேலியப் பார்த்துக் கத்தினாங்க:

"திங்கக்கிழமை புள்ளையக் கொண்டு வா டீச்சர்! வர்றப்ப அந்தக் கடதாசி நெப்பியும் நாலு எடுத்துட்டு வா. எங்க வீட்டுலதான் துணிக்குப் பஞ்சமாச்சே!"